பெட்டி மறுபடியும் கத்தியது

குவார்ட்ஸைட், அரிசோனா
ஜனவரி 8, 1997

லவோன்,

பத்திரமாகப் போய்ச் சேர்ந்திருப்பாய். பஸ் ஏறும்போது நீ திரும்பிப் பார்க்கவில்லை. அதைக் கவனித்தேன் என்று சொல்லத்தான் முதலில் உட்கார்ந்தேன். இப்போது அதைப் பற்றி எழுத வேண்டாம் என்று தோன்றுகிறது.

ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். நீ போனதிலிருந்து அந்தக் கேஸ் அலாரம் வாயைத் திறக்கவில்லை. தரையை ஒட்டிச் சுவரில் பொருத்தியிருக்கும் அந்த வெள்ளைப் பெட்டிக்குக் கேஸும் உன் ஹேர்ஸ்ப்ரேயும் ஒன்றுதான் என்று எத்தனை தடவை சொன்னேன்? பக்கத்து வண்டி ரோலண்டும் வில்மா ஹோஃபரும் சாப்பிட வந்திருந்த அன்று நான் கத்தியது உனக்கு அவமானமாக இருந்திருக்கலாம். சூப்பை வாயில் வைத்த நேரத்தில் காது கிழிகிற மாதிரி அலறினால், நாலு பேரும் கிண்ணத்தோடு வெளியே ஓடினால், எவனுக்குத்தான் கோபம் வராது? வீட்டை விற்றுவிட்டு, அடுப்பும் கட்டிலும் உள்ள இந்த வண்டிக்குள் குடியேறியது நிம்மதியாக இருக்கத்தானே?

பிஸ்கட் வாசலைப் பார்த்துக் குரைத்து உன்னைத் தேடுகிறது. உன் செருப்பின் மேல்தான் படுக்கிறது. நான் நன்றாக இருக்கிறேன். உன் அக்கா பெர்னடீனுக்கு இடுப்பு எந்தப் பக்கம் உடைந்தது?

ஆரின்

---

ஒவாட்டோனா, மினசோட்டா
ஜனவரி 14

ஆரின்,

பெர்னிக்கு இடது இடுப்பு. வாசலில் உறைந்திருந்த பனியில் வழுக்கி விழுந்தாள். பிளேட் வைத்திருக்கிறார்கள். கழிவறைக்குப் போகவும் என் தோள் வேண்டியிருக்கிறது. இங்கே ஜன்னல் பாதி வரைக்கும் பனி.

உன் கடிதத்தை அவளுக்கும் படித்துக் காட்டினேன். "உன் புருஷன் மன்னிப்புக் கேக்க எழுதியிருக்கானா, மார் தட்டிக்க எழுதியிருக்கானா?" என்று கேட்டாள்.

நீ கத்தியது எனக்கு அவமானம் இல்லை. "என் பொண்டாட்டி கெழவியானப்புறமும் அலங்காரத்த விடல, அதான் இந்தக் கூத்து" என்று ரோலண்டிடம் சொல்லிச் சிரித்தாய். வில்மா தலையைக் குனிந்துகொண்டாள். அதுதான் அவமானம். அந்த ஸ்ப்ரேயை நான் உள்ளே அடிப்பதை நிறுத்தி வெகு நாளாயிற்று. வெளியே மேசைக்குப் பின்னால் நின்றுதான் அடிக்கிறேன், காற்று எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டு. நீ கவனித்ததே இல்லை.

பெட்டி சும்மா இருக்கிறது என்றால் சந்தோஷம். பிஸ்கட்டுக்கு மிச்சம் மீதியைப் போடாதே.

லவோன்

---

குவார்ட்ஸைட்
ஜனவரி 20

லவோன்,

எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். பெட்டி மறுபடியும் கத்தியது.

ஹேர்ஸ்ப்ரே இல்லை. நீ இல்லை. சரி, ஒத்துக்கொள்கிறேன். காலையில் காபிக்கு ஏற்பாடு செய்துவிட்டு வெளியே நாற்காலிகளை விரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று அலறல். வழக்கம்போல ஓடிப்போய் அடுப்புக் குமிழ்களை எல்லாம் மூடி, ஜன்னல்களைத் திறந்து, துண்டை வீசி வீசி என் கை ஓய்ந்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் அடங்கியது. மறுநாள் ஒன்றுமில்லை. அதற்கு அடுத்த நாள் திரும்பவும்.

காரணம் நாய்தான் என்று நினைக்கிறேன். சிரிக்காதே. அது படுக்கிற இடம் பெட்டிக்கு நேர் முன்னால். நானோ அதற்கு மீந்துபோன பீன்ஸைப் போட்டிருந்தேன். ரோலண்ட் வந்து பார்த்தான். "உன் நாய் வயித்துலயே ஒரு சிலிண்டர் வச்சிருக்கு, ஆரின். அதுக்கு ஒரு குழாய் மாட்டுனா நாம ரெண்டு பேரும் குளிர் காயலாம்" என்றான். இப்போது பிஸ்கட்டின் படுக்கையை வெளியே வெய்யிலில் போட்டிருக்கிறேன். அதுவும் உள்ளே வர மாட்டேன் என்கிறது. ரோஷம்.

நீ வெளியே நின்று ஸ்ப்ரே அடித்தது எனக்குத் தெரியாது. சொல்லியிருக்கலாம்.

பெர்னடீன் இடுப்பு எந்தப் பக்கம்? நீ சொல்லவே இல்லை.

ஆரின்

---

ஒவாட்டோனா
ஜனவரி 25

ஆரின்,

இடது. போன கடிதத்தில் முதல் வரியே அதுதான்.

நாயின் மேல் பழி போட்டதைப் படித்து பெர்னி வலியையும் மறந்து சிரித்தாள். நானும் சிரித்தேன். அப்புறம் ராத்திரி சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கு வேகவைக்கிறபோது அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்து யோசித்தேன். ஸ்ப்ரே இல்லை, சரி. நாயை வெளியே போட்டுவிட்டாய், சரி. இனியும் கத்தினால்?

மாவு ஆலையில் வேலை பார்த்து உன் மூக்கு செத்துப் பல வருஷம் ஆயிற்று. பால் பொங்கிக் கருகினாலும் உனக்குத் தெரியாது. கேஸில் கலந்திருக்கிற அந்த நாற்றம் உன்னைத் தவிர எல்லோருக்கும் தெரியும். நான் இல்லாதபோது அந்தப் பெட்டிதான் உனக்கு மூக்கு. அது பொய்யாகக் கத்தினாலும் கத்தட்டும். கேஸ் காற்றைவிடக் கனம். தரையோடு படுத்துக் கிடக்கும். நாய்க்குத்தான் முதலில் தெரியும். அது உள்ளே வர மாட்டேன் என்றால் ரோஷம் என்று எழுதுகிறாயே.

ஊருக்குள் போய்க் கேஸ் வேலை தெரிந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வா. குழாய், அடுப்பு, ஹீட்டர், ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் பார்க்கச் சொல். பார்த்துவிட்டு எழுது. அதுவரைக்கும் பெட்டியில் கை வைக்காதே. எனக்கு வாக்குக் கொடு.

ஃபோனில் கூப்பிடச் சொல்லலாம். நீ காதுக் கருவி கீச்சிடுகிறது என்று பாதியில் வைத்துவிடுவாய். அதனால்தான் இப்படி எழுதி எழுதிச் சாகிறேன்.

லவோன்

---

குவார்ட்ஸைட்
ஜனவரி 31

லவோன்,

ஒரு நல்ல செய்தி. ஆள் வந்தான், பார்த்தான், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான்.

குழாயில் காற்றை ஏற்றி மீட்டரை மாட்டி வைத்தான். முள் ஒரு மயிரிழைகூட அசையவில்லை. ஒவ்வொரு மூட்டிலும் சோப்பு நுரை தடவினான். ஒரு குமிழி வரவில்லை. "பைப்ல லீக்கே இல்ல சார். பெட்டிதான் கெழடு. இதுக்கெல்லாம் ஆயுசு இருக்கு, ஏழெட்டு வருஷத்துல புத்தி பேதலிச்சிரும்" என்றான். பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதிதாக மாட்டியிருக்கிறான். சின்னப் பச்சை விளக்கு எரிகிறது. லட்சணமாக இருக்கிறது.

ஆக, நீயும் குற்றவாளி இல்லை, நாயும் இல்லை. இனிமேல் நிம்மதியாக இரு.

ஆரின்

---

குவார்ட்ஸைட்
பிப்ரவரி 3

லவோன்,

ஒரு நல்ல செய்தி. ஆள் வந்தான், பார்த்தான், ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டான். குழாயில் லீக்கே இல்லையாம். பெட்டிதான் கெழடாம். புதிது மாட்டியிருக்கிறான். சின்னப் பச்சை விளக்கு எரிகிறது.

உனக்கு உடனே சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். நீயும் குற்றவாளி இல்லை, நாயும் இல்லை.

ஆரின்

---

ஒவாட்டோனா
பிப்ரவரி 8

ஆரின்,

லீக் இல்லை என்றதும் எனக்குப் போன உயிர் வந்தது. பெர்னிக்கும் எனக்கும் கேக் செய்தேன்.

அடுத்து உன் இரண்டாவது கடிதம் வந்தது. அதே செய்தி, கிட்டத்தட்ட அதே வார்த்தைகள். முதல் கடிதம் தொலைந்துவிட்டது என்று நினைத்து மறுபடி எழுதினாயா? அப்படியானால் ஒரு வரி எழுது, நான் சிரித்துவிட்டுப் போகிறேன். அப்படி இல்லை என்றாலும் எழுது.

நான் கிளம்புவதற்கு முன்னால் நீ தண்ணீர் பிடிக்கப் போய்விட்டு வெறும் கையோடு திரும்பி வந்தது நினைவுக்கு வருகிறது. வழியில் யாரோடோ பேசிக்கொண்டிருந்ததாகச் சொன்னாய். நான் அப்போது கோபத்தில் இருந்தேன். கேட்டுக்கொள்ளவில்லை.

கேஸ் மூச்சோடு போனால் தலை கனக்கும், ஞாபகம் தப்பும் என்று பெர்னியைப் பார்க்க வரும் நர்ஸ் சொல்கிறாள். "ஆள் பாத்துட்டுப் போனப்புறமும் சந்தேகம்னா இன்னொருத்தர வச்சுப் பாருங்க" என்கிறாள். உனக்குத் தலைவலி இருக்கிறதா? உண்மையைச் சொல். கேஸாகவே இருந்தால்கூடப் பரவாயில்லை என்று தோன்றுகிறது எனக்கு. அதை ஒரு ஸ்பானரால் சரிசெய்துவிடலாம்.

லவோன்

---

குவார்ட்ஸைட்
பிப்ரவரி 13

லவோன்,

தலைவலி இல்லை. ஞாபகத்துக்கும் ஒன்றும் இல்லை. மனைவிக்கு இரண்டு கடிதம் எழுதினால் அது ஒரு வியாதியா?

புதுப் பெட்டியும் கத்திவிட்டது. செவ்வாய்க்கிழமை ஒரு தடவை, நேற்று ஒரு தடவை. இந்தக் கம்பெனிக்காரன்கள் எல்லோரும் சேர்ந்து என்னைப் பைத்தியமாக்கப் பார்க்கிறார்கள். ஒன்று பழசு, ஒன்று புதுசு, இரண்டும் பொய் சொல்கின்றன. அக்கம்பக்கத்து வண்டிக்காரர்கள் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறார்கள். "என்ன ஆரின், கச்சேரி ஆரம்பமா?" என்கிறான் ஒருவன்.

வயரை வெட்டிவிட்டேன். இப்போதுதான் பாலைவனம் பாலைவனமாக இருக்கிறது.

எனக்கு உபதேசம் வேண்டாம். நர்ஸ் சொன்னாள், பெர்னடீன் சொன்னாள் என்று எழுதாதே. நீ வந்து பக்கத்தில் இருந்தால் பேசு.

ஆரின்

---

ஒவாட்டோனா
பிப்ரவரி 18
(விரைவுத் தபால்)

ஆரின்,

இது கையில் கிடைத்ததும் நின்ற இடத்திலேயே படி. வயரை மறுபடி சேர்.

உன்னால் முடியாவிட்டால் ரோலண்டைக் கூப்பிடு. கூப்பிட மாட்டாய் என்று தெரியும். அதனால் வில்மாவுக்குத் தனியாக ஒரு கடிதம் இதே தபாலில் போட்டிருக்கிறேன். நான் உன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டேன் என்று நினைத்தால் நினைத்துக்கொள். நீ உயிரோடு இருந்து என்மேல் கோபப்படு.

நீ எழுதியதை எல்லாம் மேசையில் பரப்பி வைத்து யோசித்தேன். குழாயில் லீக் இல்லை. அந்த ஆள் பொய் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு பெட்டிகளும் ஒரே மாதிரி கெட்டுப்போகவும் முடியாது. அப்படியானால் கேஸ் வருகிறது. எப்போதும் வருவதில்லை, ஏதோ ஒரு நேரத்தில் மட்டும் வருகிறது. எந்த நேரத்தில்? அலாரம் கத்துவதற்குச் சற்று முன்னால் நீ என்ன செய்துகொண்டிருந்தாய்? ஒவ்வொரு தடவையும். யோசித்து எழுது. எனக்காக இல்லாவிட்டாலும் எழுது.

நான் ஒன்றை நினைக்கிறேன். அதை இந்தக் காகிதத்தில் எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீயே சொன்னால் நல்லது.

பெர்னியை விட்டுவிட்டு வர வழி தேடுகிறேன். அவள் மருமகளோடு பேசிக்கொண்டிருக்கிறேன். பனிப்புயலில் பஸ் நின்றிருக்கிறது.

உன் மேல் எனக்கு இப்போது கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

லவோன்

---

குவார்ட்ஸைட்
பிப்ரவரி 22

லவோன்,

வயரைச் சேர்த்தாயிற்று. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். ரோலண்ட்தான் சேர்த்தான். சிலிண்டரையும் மூடி வைத்திருக்கிறோம்.

நேற்று மத்தியானம் ரோலண்ட் வந்தான். சட்டைப் பையில் நீ வில்மாவுக்கு எழுதிய கடிதம் துருத்திக்கொண்டு இருந்தது. எனக்கு மூக்கு நுனியில் கோபம். "என் பொண்டாட்டி உன்ன வேவு பாக்க அனுப்பிச்சாளா?" என்றேன். "ஆமா. வேவு பாத்துட்டு ஒரு காபியும் குடிச்சிட்டுப் போறேன்" என்று சொல்லிக்கொண்டே வெளியே கிடந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அவன் என்றைக்கும் சண்டை போட மாட்டான். நல்லவேளை, ஊருக்குள் வாங்கிய மாவு இருந்தது. சூடாக ரொட்டி சுட்டுக் கொடுக்கலாம், நீ இல்லாமலும் எனக்கு வேலை தெரியும் என்று காட்டலாம் என்று நினைத்தேன். ஓவனைப் பற்றவைக்கத் தீப்பெட்டியோடு எழுந்தேன்.

"இரு, மொதல்ல அந்த வயரப் பாத்துடறேன்" என்று அவன் எனக்கு முன்னால் படி ஏறினான். கதவைத் திறந்தான். அப்படியே பின்னால் குதித்தான். அவனை அப்படி நான் பார்த்ததே இல்லை. "தீப்பெட்டியக் கீழ போடு! ஆரின், கீழ போடுடா!" என்று கத்தினான். என்னை மார்பில் கை வைத்துத் தள்ளினான். நான் மணலில் உட்கார்ந்துவிட்டேன். கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனான். ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறக்கிற சத்தம் கேட்டது. எனக்கு ஒரு நாற்றமும் தெரியவில்லை, லவோன். நல்ல பாலைவனக் காற்று மட்டும்தான்.

வெளியே வந்தவன் முகம் வெளுத்திருந்தது. அடுப்பின் மேல் காபிப் பாத்திரம் இருந்ததாம். தண்ணீர் சில்லென்று இருந்ததாம். அடியில் குமிழ் முழுசாகத் திறந்திருந்ததாம். தீ இல்லை.

"நீயா தொறந்து வச்ச?"

"இல்லயே" என்றேன்.

"பின்ன யாரு, நாயா?"

அவன் விளையாட்டாகச் சொல்லவில்லை. நானும் பொய் சொல்லவில்லை. அதை நீ நம்ப வேண்டும். நான் அதைத் திறந்தது எனக்குத் தெரியாது. தேடித் தேடிப் பார்க்கிறேன், தலைக்குள் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. பாத்திரத்தில் தண்ணீர் ஊற்றியது என் கை. வேறு யார் ஊற்றியிருக்க முடியும்?

ஒவ்வொரு தடவையும் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேட்டாய். காபி. ஒவ்வொரு தடவையும் காபிதான். குமிழைத் திருப்பியிருப்பேன். தீப்பெட்டி எங்கே என்று வெளியே வந்திருப்பேன். வெளியே நாற்காலி இருக்கும், வெய்யில் இருக்கும், யாராவது கை ஆட்டியிருப்பார்கள். அதோடு காபி போயிற்று. அலாரம் கத்தியதும் ஓடிப்போய் எல்லாக் குமிழ்களையும் ஒரே மூச்சில் மூடுவேன். எது திறந்திருந்தது என்று நான் பார்த்ததே இல்லை. பார்த்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒருவேளை அதனால்தான் பார்க்கவில்லையோ என்னவோ.

அந்தப் பெட்டி ஒரு தடவைகூடப் பொய் சொல்லவில்லை. நான் அதன் வயரை வெட்டினேன்.

நீ எழுதத் தைரியம் இல்லை என்று சொன்னது இதுதானே? நீ கேட்காத இன்னொன்றும் இருக்கிறது. போன வாரம் ஊருக்குள் போய்த் திரும்பும்போது நம் வண்டி எந்த வரிசையில் என்று தெரியாமல் சுற்றினேன். எல்லா வண்டிகளும் ஒரே மாதிரி வெள்ளை என்று என்னையே சமாதானம் செய்துகொண்டேன். கடைசியில் பிஸ்கட் குரைத்தது.

வண்டிச் சாவியை ரோலண்டிடம் கொடுத்துவிட்டேன். அவன் கேட்கவில்லை, நானாகத்தான் கொடுத்தேன். சாப்பாடு வில்மா தருகிறாள். அவள் என்னைப் பார்க்கிற பார்வைதான் பிடிக்கவில்லை.

பயமாக இருக்கிறது, லவோன்.

ஆரின்

---

ஒவாட்டோனா
பிப்ரவரி 27

ஆரின்,

வில்மா ஊருக்குள் போய் எனக்கு ஃபோன் செய்துவிட்டாள். அதனால் உன் கடிதம் வருவதற்கு முன்பே எனக்குப் பாதி தெரியும். மீதிப் பாதியை நீ உன் கையால் எழுதியிருக்கிறாய். அதற்காக உன்னை மெச்சுகிறேன். நீ அதை மறைத்திருந்தால் என்னால் தாங்கியிருக்க முடியாது.

நான் அழுதுவிட்டுத்தான் எழுதுகிறேன், அதனால் கையெழுத்து இப்படி இருக்கிறது. குழாயில் எங்கேயோ ஓட்டை இருக்க வேண்டும் என்று நான் எவ்வளவு வேண்டிக்கொண்டேன் தெரியுமா? ஓட்டை இருந்தால் யாரையாவது திட்டலாம். இப்போது திட்ட ஆள் இல்லை.

பெர்னியிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். படித்துவிட்டு மடித்து வைத்தாள். அப்புறம், "போடி. என் இடுப்பு எங்கயும் ஓடிப்போகாது. மருமக வந்து பாத்துக்குவா. அவ சமையல் சகிக்காது, ஆனா சாக மாட்டேன்" என்றாள். உன்னை இங்கே கூட்டிக்கொண்டு வரச் சொல்கிறாள். அவசரப்பட வேண்டாம் என்று நினைக்கிறேன். பனி உருகுகிற வரைக்கும் அங்கேயே இருப்போம். உனக்கு வெய்யில் பிடிக்கும்.

வந்ததும் ஒரு டாக்டரைப் பார்க்கிறோம். நீ சிரித்துச் சமாளிக்கக் கூடாது. தண்ணீர் பிடிக்கப் போனது, கடிதம், வரிசை தெரியாமல் சுற்றியது, எல்லாவற்றையும் நான் சொல்வேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். அது கஷ்டம்தான். எனக்கும்.

அடுப்பு என் வேலை. வண்டி ஓட்டவும் கற்றுக்கொள்கிறேன். அவ்வளவு பெரிய வண்டியை நான் பெட்ரோல் பங்க் தாண்டி ஓட்டியதில்லை. நீ பக்கத்து சீட்டில் இருந்து எல்லாவற்றுக்கும் குறை சொல்லுவாய். சொல்லு. ரோலண்டுக்கு முன்னால் மட்டும் சொல்லாதே.

அடுத்த வியாழக்கிழமை சாயங்காலம் பக்கத்து ப்ளைத் ஊருக்கு பஸ் வரும். அங்கே இறங்குகிறேன். ரோலண்ட் வந்து கூட்டிப்போவதாக வில்மா சொல்லியிருக்கிறாள். நீ அலைய வேண்டாம், வண்டியிலேயே இரு.

இல்லை. நீயும் அவனோடு வா. முன் சீட்டில் உட்கார்ந்து வா. பிஸ்கட்டையும் கூட்டிக்கொண்டு வா.

நாள் மறந்துவிடுமோ என்று பயப்படாதே. வில்மாவுக்குத் தெரியும், ரோலண்டுக்குத் தெரியும். நீ மறந்தாலும் நான் வந்து இறங்குவேன்.

லவோன்